60 எஃப்பிஎஸ் அசையாமல் நிற்கிறது, ஆனாலும் ஜெர்க் அடிக்கிறது: 165 ஹெர்ட்ஸ் மானிட்டரில் பிக்சல் கேம்கள்

கானாடுகாத்தான்_பையன்:

எல்லோருக்கும் வணக்கம். புது மானிட்டர் வாங்கியதிலிருந்து ஒரு விஷயம் பிடிபடவே இல்லை. தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

மானிட்டர் 27 அங்குலம், 2560×1440, 165 ஹெர்ட்ஸ். கார்டு ஆர்டிஎக்ஸ் 3060. நான் விளையாடுவது பெரும்பாலும் பழைய பாணி பிக்சல் கேம்கள்தான். இப்போது ஓடிக்கொண்டிருப்பது 640×360-இல் வரைந்த ஒரு பிளாட்ஃபார்மர். அதை விண்டோவில் திறந்து, ஒரு ஸ்கேலிங் செயலி வைத்து முழுத்திரைக்குப் பெரிதாக்குகிறேன். மூலையில் எஃப்பிஎஸ், அதாவது விநாடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கை, 60-இலேயே நிற்கிறது, ஒன்றுகூடக் குறையவில்லை. கார்டுக்கு வேலையே இல்லை. ஆனால் ஆள் ஓட ஆரம்பித்துப் பின்னணி நகர்ந்தால் போதும், வெட்டி வெட்டி ஓடுகிறது. மெதுவாக நடந்தால் அவ்வளவாகத் தெரியவில்லை. ஓடும்போது கண் வலிக்கிறது.

இதே கேம் பக்கத்தில் இருக்கும் பழைய 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. டிரைவர் புதுசு போட்டாயிற்று, கேம் மோடை அணைத்துப் போட்டுப் பார்த்தாயிற்று. வாங்கிய கடையில் கேட்டால் மாற்றித் தர முடியாது என்கிறார்கள். மானிட்டரே கோளாறா?

செக்காலை_ரோடு:

தம்பி, மானிட்டரில் கோளாறு இல்லை. கடைக்கு அலைய வேண்டாம். பழைய 60-இல் சரியாக ஓடுகிறது, புது 165-இல் வெட்டுகிறது என்று சொன்னீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது.

மீதிப் பாதிக்கு நான்கு விவரம் வேண்டும். விண்டோஸ் டிஸ்பிளே செட்டிங்கில் அட்வான்ஸ்டு பக்கத்தில் எத்தனை ஹெர்ட்ஸ் காட்டுகிறது? கேம் படம் தரும் வேகத்துக்கேற்பத் திரையின் புதுப்பிப்பை மாற்றும் விஆர்ஆர், அதாவது ஜி-சிங்க் அல்லது ஃப்ரீசிங்க், போட்டிருக்கிறீர்களா? திரை புதுப்பிக்கும் தருணம் வரை படத்தைக் காக்க வைக்கும் வி-சிங்க்கை எங்கெங்கே ஆன் செய்திருக்கிறீர்கள், கேமிலா, டிரைவரிலா, அந்த ஸ்கேலிங் செயலியிலா? பழைய மானிட்டரும் கூடவே இணைந்திருக்கிறதா?

பதில் வரும்வரை வேறெதையும் மாற்றாதீர்கள். பத்து செட்டிங்கை ஒன்றாக மாற்றினால் எதனால் சரியானது என்று கடைசிவரை தெரியாது. அடுத்த கேமில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

கானாடுகாத்தான்_பையன்:

அண்ணே, 165 என்றுதான் காட்டுகிறது. ஃப்ரீசிங்க் மானிட்டர் மெனுவிலேயே ஆஃப் ஆகி இருக்கிறது. வி-சிங்க் கேமிலும் செயலியிலும் இரண்டிலும் ஆன். பழைய மானிட்டரும் கூடவே ஓடுகிறது, அதில் யூடியூபில் பாட்டு ஓடும்.

செக்காலை_ரோடு:

சரி, கணக்கைப் பாருங்கள். இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

கேம் விநாடிக்கு 60 படம் தருகிறது. ஒரு படத்துக்கு 16.7 மில்லி விநாடி. உங்கள் திரை விநாடிக்கு 165 தடவை புதுப்பிக்கிறது. 165-ஐ 60-ஆல் வகுத்தால் 2.75. முக்கால் புதுப்பிப்பு என்று ஒன்று கிடையாது. அதனால் ஒரு படம் மூன்று புதுப்பிப்புக்கு நிற்கும், அடுத்ததும் மூன்று, அதற்கடுத்ததும் மூன்று, நான்காவது மட்டும் இரண்டு. நேரமாகச் சொன்னால் 18.2, 18.2, 18.2, 12.1 மில்லி விநாடி. விநாடிக்கு 15 தடவை ஒரு படம் அவசரமாகப் போய்விடுகிறது. உங்கள் கண் பிடிப்பது அதைத்தான். பழைய மானிட்டரில் ஒரு படத்துக்கு ஒரு புதுப்பிப்பு, தகராறே இல்லை.

எஃப்பிஎஸ் எண்ணில் இது ஏன் தெரியவில்லை? ஏனென்றால் கேம் படத்தை ஒப்படைக்கும் நேரத்தைத்தான் அது எண்ணுகிறது. ஒப்படைத்த படம் திரையில் எவ்வளவு நேரம் நின்றது என்பது அதற்குத் தெரியாது. எஃப்பிஎஸ்ஸை அளந்து காட்டும் ரிவாட்யூனர் செயலியின் வரைபடம் நேர்கோடாக இருந்தும் திரை வெட்டுவது இதனால்தான். இன்டெல் தரும் பிரசன்ட்மான் என்ற இலவசக் கருவி, திரையில் படம் மாறிய இடைவெளியையே தனியாகப் பதிவு செய்யும். அதுவும் வேண்டாம் என்றால் கைபேசியில் 240 எஃப்பிஎஸ் ஸ்லோமோஷன் போதும். ஆள் ஓடும்போது திரையைப் படம்பிடித்து ஒவ்வொரு ஃபிரேமாகத் தள்ளிப் பாருங்கள். ஒரே நிலை நான்கைந்து ஃபிரேம் நிற்கும், நடுநடுவே மூன்றிலேயே மாறிவிடும். எந்த வாக்குவாதத்தையும் அது தீர்த்துவிடும்.

பெரிய 3டி கேம்களில் இது இவ்வளவு உறுத்தாது. அங்கே மோஷன் பிளர் இருக்கும், ஓரங்கள் மென்மையாக இருக்கும், எஃப்பிஎஸ்ஸும் 60-இல் பூட்டியிருக்காது. பிக்சல் கேமில் ஒவ்வொரு ஓரமும் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். ஆள் ஒரு ஃபிரேமுக்கு 3 பிக்சல் ஓடினால், நான்கு மடங்கு பெரிதாக்கிய உங்கள் திரையில் அது 12 பிக்சல் தாவல். அந்தத் தாவல் சீராக விழாவிட்டால் ஒளிய இடமே இல்லை.

இப்போது செய்ய வேண்டியது. முதலில் விண்டோஸில் 165-ஐ 120 ஆக்குங்கள். 120 என்றால் ஒரு படத்துக்குச் சரியாக இரண்டு புதுப்பிப்பு. 180, 240 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கும் 60 ஒட்டுமிச்சமில்லாமல் வகுபடும். 144, 165 வைத்திருப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். 60 எஃப்பிஎஸ் கேமுக்கு 165-ஐ விட்டு 120-க்கு வருவதில் இழப்பு எதுவும் கிடையாது. இதை மட்டும் செய்துவிட்டுச் சொல்லுங்கள்.

அது தீர்ந்ததும் அந்த ஸ்கேலிங் செயலியையே விட்டுவிடலாம். உங்கள் கேமுக்கு அது தேவையில்லை. 640×360-ஐ நான்கால் பெருக்கினால் சரியாக 2560×1440. முழு எண் ஸ்கேலிங் 2019-இலேயே என்விடியா டிரைவரில் வந்துவிட்டது. டூரிங் தலைமுறையிலிருந்து வந்த கார்டுகள் எல்லாவற்றிலும் இருக்கிறது, உங்கள் 3060-இலும் உண்டு. இன்டெல், ஏஎம்டி இரண்டிலும் அதே ஆண்டில் வந்தது. கேமை முழுத்திரையில் 640×360 அல்லது 1280×720-இல் வைத்துவிட்டு, என்விடியா கன்ட்ரோல் பேனலில் இன்டிஜர் ஸ்கேலிங்கைத் தேர்ந்தெடுங்கள்.

செயலி வழியாகப் போனால் ஒரு கட்டம் கூடுதல். கேம் தன் விண்டோவில் வரைகிறது, செயலி அதைப் பிடித்து, பெரிதாக்கி, மறுபடி வேறொரு விண்டோவாகத் திரைக்கு அனுப்புகிறது. இரண்டு பேரும் தனித்தனியாக வி-சிங்க்குக்குக் காத்திருந்தால், சில படங்கள் இரண்டு தடவை வரும், சில விடுபடும். செயலி இல்லாமல் முடியாது என்கிற கேம்களில் வி-சிங்க் ஒரே இடத்தில் மட்டும் இருக்கட்டும்.

கோட்டையூர்_இரவுப்பறவை:

அண்ணே, ஏன் 120-க்கு இறங்க வேண்டும்? லாஸ்லெஸ் ஸ்கேலிங் செயலியில், இரண்டு படங்களுக்கு நடுவில் புதுப் படம் செய்து நுழைக்கும் ஃபிரேம் ஜெனரேஷன் இருக்கிறதே. 60-ஐ அப்படியே இரட்டிப்பாக்கிவிடலாம். நான் 144-இல் ஆர்பிஜி எல்லாம் அப்படித்தான் ஓட்டுகிறேன், கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது.

செக்காலை_ரோடு:

ஆர்பிஜிக்கு நீங்கள் சொல்வது சரிதான் தம்பி, நிதானமாக நடக்கும் கேமில் நன்றாகவே இருக்கும். பிளாட்ஃபார்மரில் இரண்டு சிக்கல் வரும்.

ஒன்று தாமதம். இரண்டு படங்களுக்கு நடுவில் ஒரு படத்தைச் செய்ய வேண்டுமென்றால், அடுத்த படம் வரும்வரை இருக்கிற படத்தைப் பிடித்து வைத்துத்தான் ஆகவேண்டும். 60 எஃப்பிஎஸ்ஸில் அதற்கே ஒரு ஃபிரேம் அளவு போய்விடும். செலஸ்ட் மாதிரி, கடைசி நொடியில் தாவ வேண்டிய கேமில் பொத்தானை அமுக்கியதும் கைக்கே வித்தியாசம் தெரியும். இன்னொன்று, பிக்சல் ஓவியத்தில் வரைந்தவர் தெரிந்தே நான்கு படத்தில் ஒரு ஓட்டத்தைக் காட்டியிருப்பார். நடுவில் யூகித்து நுழைக்கும் படத்தில் கால்கள் கரைந்து இழுபடும், மேலே இருக்கும் ஸ்கோர் எண்களின் ஓரம் நெளியும். அதோடு 60-இன் இரு மடங்கு 120. அதை 144 திரையில் காட்டினால் வகுபடாத கணக்கு அப்படியே நிற்கும். அப்போதும் திரையை 120-இல் வைப்பதுதான் நல்லது.

கோட்டையூர்_இரவுப்பறவை:

ஸ்கோர் எண் நெளிவதை நானும் பார்த்திருக்கிறேன். 120-இல் வைத்துப் பார்க்கிறேன். ஆர்பிஜிக்கு மட்டும் ஃபிரேம் ஜெனரேஷனை விடமாட்டேன்.

கானாடுகாத்தான்_பையன்:

அண்ணே, 120-இல் வைத்ததும் அந்த வெட்டு போய்விட்டது! பின்னணி இப்படி நகரும் என்றே எனக்குத் தெரியாமல் போயிருந்தது. டிரைவர் ஸ்கேலிங்கில் படமும் இன்னும் துல்லியம்.

ஒன்று மட்டும் மிச்சம். நீளமாக ஓடும்போது எப்போதாவது ஒரே ஒரு சின்னத் துள்ளல். பத்துப் பதினைந்து விநாடிக்கு ஒருமுறை இருக்கும். வேறு யாரும் கவனிக்கமாட்டார்கள், ஆனால் எனக்கு இப்போது கண் அதிலேயே போகிறது.

செக்காலை_ரோடு:

அட்வான்ஸ்டு டிஸ்பிளேயில் மறுபடி பாருங்கள். 120.00 என்றா போட்டிருக்கிறது, 119.88 என்றா?

கானாடுகாத்தான்_பையன்:

119.88! எப்படித் தெரிந்தது?

செக்காலை_ரோடு:

இடைவெளியை வைத்துத்தான். 119.88-இல் பாதி 59.94. அமெரிக்கத் தொலைக்காட்சியில் கலர் வந்த காலத்தில் 60-ஐ 1.001-ஆல் வகுத்து வைத்த கணக்கு இன்றைக்கும் மானிட்டர்களில் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் கேம் தன் கடிகாரத்தில் சரியாக 60 ஓட்டுகிறது, திரை 59.94 தான் எடுத்துக்கொள்கிறது. வித்தியாசம் விநாடிக்கு 0.06 படம். சேர்ந்து சேர்ந்து 16, 17 விநாடிக்கு ஒருமுறை ஒரு படம் விழுந்துவிடும்.

பட்டியலில் 120.00 தனியாக இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் மானிட்டர் மெனுவில் ஃப்ரீசிங்க்கை ஆன் செய்து, கன்ட்ரோல் பேனலில் ஜி-சிங்க்கை முழுத்திரைக்கும் விண்டோவுக்கும் சேர்த்தே போடுங்கள். விஆர்ஆர் இருந்தால் கேம் படம் தரும் நேரத்தில்தான் திரை புதுப்பிக்கும், வகுத்தல் கணக்கே எழாது. உங்கள் மாதிரி மானிட்டர்களில் அது பெரும்பாலும் 48-இலிருந்து மேலே வேலை செய்யும், 60 அதற்குள் வசதியாக அடங்கும். அதற்கும் கீழே போகும் கேம்களில், எல்எஃப்சி இருக்கும் மானிட்டர் ஒரே படத்தை இரண்டு தடவை காட்டிச் சமாளிக்கும். 1993-இல் வந்த டூம் விநாடிக்கு 35 படம்தான். அதை 70-ஆகக் காட்டிவிடும்.

விஆர்ஆர் போட்ட பிறகும் துள்ளல் இருந்தால் பழைய மானிட்டரைப் பாருங்கள். விண்டோஸ் பொத்தானோடு பி அமுக்கி முதல் திரையை மட்டும் வைத்து ஓட்டுங்கள். பக்கத்துத் திரையில் வேறு ஹெர்ட்ஸில் வீடியோ ஓடும்போது தடங்கல் வருவது உண்டு.

தேவகோட்டை_ரஸ்தா:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என் கதை வேறு. லேப்டாப், 1080 திரை, 144 ஹெர்ட்ஸ். நான் ஆடுவது 320×240 பழைய கேம்கள். நீங்கள் சொன்னபடி 120 வைத்துவிட்டேன். வெட்டு குறைந்தது, ஆனால் தரை நகரும்போது புழு நெளிவதுபோல் மினுமினுக்கிறது. கோடுகள் தடித்தும் மெலிந்தும் மாறி மாறி வருகின்றன. இதற்கு ஹெர்ட்ஸ் காரணமா?

பள்ளத்தூர்_ஆச்சி:

இல்லை தம்பி, இதற்கும் ஹெர்ட்ஸுக்கும் சம்பந்தமில்லை. 1080-ஐ 240-ஆல் வகுத்தால் 4.5. ஆத்தங்குடிக் கல் பதிக்கிறவர் அறையின் நீளத்துக்குள் நான்கரைக் கல் வரவேண்டும் என்றால் ஒன்றைப் பாதியாக வெட்டித்தான் ஆகவேண்டும், பூ வரிசை அங்கே உடையும். திரையில் பிக்சலைப் பாதியாக வெட்டவும் முடியாது. அதனால் ஒரு வரி நான்கு பிக்சல் உயரம், அடுத்த வரி ஐந்து. படம் நிற்கும்போது தெரியாது. நகர ஆரம்பித்ததும் ஒரே கோடு நான்கு, ஐந்து, நான்கு என்று மாறிக்கொண்டே போகும். நீங்கள் பார்ப்பது அதைத்தான்.

வழி மூன்று. நான்கு மடங்கில் 1280×960 வைத்தால் மேலும் கீழும் 60 பிக்சல் கறுப்பு விளிம்பு வரும், படம் அப்பழுக்கில்லாமல் இருக்கும். நான் இதைத்தான் விரும்புவேன். ஐந்து மடங்கு வைத்தால் திரையின் உயரம் நிறையும், ஆனால் கேமின் மேல் 12 வரியும் கீழ் 12 வரியும் வெளியே போய்விடும். உயிர் எண்ணிக்கை மேல் ஓரத்தில் இருக்கும் கேமில் இது ஆகாது. மூன்றாவது, ஷார்ப் பைலீனியர். முதலில் முழு எண் மடங்கில் அப்படியே பெருக்கிவிட்டு, பிறகு மென்மையாக 4.5-க்குக் கொண்டுவரும். ஓரம் இம்மியளவு மங்கும், ஆனால் நெளிவு போய்விடும். பழைய கேம்களை ஓட்டும் ரெட்ரோஆர்ச் செயலியில் இது ஷேடராகவே, அதாவது படத்தின் மேல் போடும் வடிகட்டியாகவே கிடைக்கிறது.

தேவகோட்டை_ரஸ்தா:

ஆச்சி, கறுப்பு விளிம்போடு வைத்தேன், நெளிவு சுத்தமாக நின்றுவிட்டது. இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாளில் லேப்டாப் பேட்டரியில் ஓடும். அன்றைக்கு எந்தக் கேமைத் திறந்தாலும் தடுமாறுகிறது. லேசான கேம்கூட.

செக்காலை_ரோடு:

பேட்டரிக்கு மாறியதும் சில லேப்டாப்கள் திரையைத் தானாகவே 60-க்கு இறக்கிவிடும். என்விடியா கார்டு என்றால் பேட்டரி பூஸ்ட் என்ற ஒன்றும் உண்டு, அது கேமைப் பெரும்பாலும் 30 எஃப்பிஎஸ் அளவில் பிடித்து வைக்கும். 60-இல் ஓட வேண்டிய கேமை 30-இல் பிடித்தால், சில கேம்கள் பாதி வேகத்தில் தவழும், சில படத்தை விட்டுவிட்டுக் காட்டும். இரண்டையும் அணைத்துவிடுங்கள். பிக்சல் கேமுக்குப் பேட்டரி ஒன்றும் வேகமாகக் கரைந்துவிடாது.

கானாடுகாத்தான்_பையன்:

விஆர்ஆர் போட்டதும் அந்தக் கடைசித் துள்ளலும் போய்விட்டது அண்ணே, ரொம்ப நன்றி.

ஆனால் வேறொரு கேம் இருக்கிறது, 320×180. விஆர்ஆர் இருந்தும், எட்டு மடங்கு சரியாக உட்கார்ந்தும், ஓடும்போது ஆள் மட்டும் நடுங்குகிறார். பின்னணி சுமாராக ஓடுகிறது. மெனுவும் தூசு பறக்கும் எஃபெக்டும் அருமையாக ஓடுகின்றன. என்ன மாற்றினாலும் கேட்கமாட்டேன் என்கிறது.

பள்ளத்தூர்_ஆச்சி:

மெனு சரியாக ஓடி ஆள் மட்டும் நடுங்கினால், கேமை எழுதிய விதத்தில் இருக்கிறது காரணம். இதில் நானே மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பழைய வீட்டின் வளவில் சிறுமி ஒருத்தி ஓடுவதாக ஒரு சின்னக் கேம் செய்துகொண்டிருக்கிறேன். வளவில் வரிசையாகத் தூண்கள். நடுக்கத்தைக் காட்டிக்கொடுக்க சம இடைவெளியில் நிற்கும் செங்குத்துக் கோடுகளைவிடச் சிறந்தது எதுவும் இல்லை.

முதல் காரணம் இயங்கும் துடிப்பு. கேம் செய்ய உதவும் யூனிட்டி மென்பொருளில் இயற்பியல் கணக்கு இயல்பாக 0.02 விநாடிக்கு ஒருமுறை, அதாவது விநாடிக்கு 50 தடவை நடக்கும். படம் 60 தடவை வரையப்படும். ஆறு படத்தில் ஒன்றுக்குப் புது இடமே கிடைக்காது, ஆள் பழைய இடத்திலேயே நிற்பார். மெனு இந்தக் கணக்கில் வராததால் அது மட்டும் சீராக ஓடும். எழுதுகிறவர் ஆளின் ரிஜிட்பாடி அமைப்பில், இடைப்பட்ட இடத்தைக் கணக்கிட்டு நிரப்பும் இன்டர்போலேட் என்பதைத் தேர்ந்தெடுத்தால் தீரும். யூனிட்டி போன்ற இன்னொரு மென்பொருளான கோடோவில் துடிப்பு இயல்பாகவே 60. 144 திரையில் அதுவும் வகுபடாது. 2024-இல் வந்த 4.3 பதிப்பிலிருந்து 2டிக்கும் அந்த இடைநிரப்பல் இருக்கிறது. விளையாடுகிறவர் கையில் இருப்பது ஒன்றுதான். உங்கள் கேம் 50 துடிப்பில் ஓடுகிறது என்று சந்தேகம் வந்தால் விஆர்ஆரை அணைத்து, திரையை 100 ஹெர்ட்ஸில் வைத்து, வி-சிங்க்கோடு ஓட்டுங்கள். ஒரு துடிப்புக்கு இரண்டு படம், கணக்கு நேராகிவிடும்.

இரண்டாவது காரணம் இன்னும் நுணுக்கம். பிக்சல் கேமில் எல்லாவற்றையும் முழு பிக்சலில் நிறுத்துவோம். கேமரா 100.4-இல் இருந்தால் 100 ஆக்குவோம், ஆள் 180.6-இல் இருந்தால் 181 ஆக்குவோம். இடைவெளி 81. அடுத்த படத்தில் கேமரா 100.6, ஆள் 180.8. இரண்டையும் ரவுண்டு செய்தால் 101, 181. இடைவெளி 80. உண்மையில் இரண்டு படத்திலும் இடைவெளி 80.2 தான், மாறவே இல்லை. ஆனால் திரையில் ஆள் ஒரு பிக்சல் முன்னும் பின்னும் ஆடுகிறார். எட்டு மடங்கு பெரிதாக்கிய திரையில் அது எட்டு பிக்சல் நடுக்கம். பெரிதாக்காமல் பார்த்தால் கண்ணில் படாது, அதனால்தான் செய்கிறவர்கள் பலர் தங்கள் எடிட்டரின் சின்ன விண்டோவில் இதைக் கவனிப்பதே இல்லை. தனித்தனியாக ரவுண்டு செய்யாமல், முதலில் ஆளுக்கும் கேமராவுக்கும் உள்ள தூரத்தைக் கழித்து, பிறகு ஒரே தடவை ரவுண்டு செய்ய வேண்டும். 80.2 எப்போதும் 80 ஆகும், நடுக்கம் நின்றுவிடும்.

வேகத்தையும் பார்க்க வேண்டும். விநாடிக்கு 90 பிக்சல் என்று வைத்தால் ஒரு படத்துக்கு ஒன்றரைப் பிக்சல். ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று தூண்கள் நொண்டும். 120 ஆக்கினால் படத்துக்கு இரண்டு. வேகம் கொஞ்சம் மாறினாலும் பரவாயில்லை என்று நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

உங்கள் கேமின் பெயரைச் சொல்லி, ஸ்லோமோஷன் படத்தோடு அதைச் செய்தவருக்கு எழுதுங்கள் தம்பி. சின்ன அணிகள் இப்படித் தெளிவாகச் சொன்னால் நன்றியோடு திருத்துவார்கள்.

செக்காலை_ரோடு:

ஆச்சி சொன்னதை எல்லோரும் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த ரவுண்டு கணக்கை இவ்வளவு தெளிவாக நான் வேறெங்கும் படித்ததில்லை.

கோட்டையூர்_இரவுப்பறவை:

ஒன்று சேர்க்கிறேன். விநாடிக்கு 8000 தடவை தகவல் அனுப்பும் மவுஸ் வைத்திருப்பவர்கள் அதை 1000 அல்லது 500-க்கு இறக்கிப் பாருங்கள். மவுஸை நகர்த்தும்போது மட்டும் திக்கினால் காரணம் பெரும்பாலும் அதுதான், பழைய கேம்களுக்கு அந்த வேகம் தாங்காது.

அப்புறம் ஆச்சி, வளவுக் கேமை ஓட்டிப் பார்க்கத் தருவீர்களா? என்னிடம் 144 இருக்கிறது.

பள்ளத்தூர்_ஆச்சி:

தனிமடலில் அனுப்பியிருக்கிறேன் தம்பி. விஆர்ஆர் போட்டும் போடாமலும் இரண்டு விதமாகவும் ஓட்டிப் பாருங்கள்.

கோட்டையூர்_இரவுப்பறவை:

ஓட்டினேன். விஆர்ஆர் போட்டால் தூண்கள் ஒரே சீராகப் போகின்றன. அணைத்து 144-இலேயே விட்டால், அண்ணன் சொன்ன கணக்கில் ஐந்து படத்துக்கு 3, 2, 3, 2, 2 என்று வெட்டு வருகிறது. கைபேசியில் எடுத்து எண்ணிவிட்டேன். 120-இல் அதுவும் இல்லை. மாடிப்படி ஏறும்போது மட்டும் சிறுமி ஒரு பிக்சல் மேலும் கீழும் ஆடுகிறாள், படம் அனுப்பியிருக்கிறேன்.

பள்ளத்தூர்_ஆச்சி:

பார்த்தேன். மேலும் கீழுமான நகர்வுக்கும் அதே கழித்தல் கணக்கைப் போட்டு ராத்திரிக்குள் புது பில்ட் அனுப்புகிறேன். படிக்கட்டையே திரும்பத் திரும்ப ஏறிப் பாருங்கள்.